முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடலாமா?

கேள்வி: அழகும் நற்குணமும் சேர்ந்தேதான் இருக்கும் என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்களாம். அதற்கு 'கலோககத்தியா' என்று பெயராம். அப்படியானால் முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடலாம், இல்லையா?

பதில்: கூடாது. 'கலோஸ்' என்றால் அழகானவன், 'அகதோஸ்' என்றால் நல்லவன். ஆனால் மேன்மையான ஒரு செயலையும் கிரேக்கர்கள் 'கலோஸ்' என்றுதான் சொன்னார்கள். உடம்பும் உள்ளமும் ஒருசேரப் பண்பட்ட மனிதன் என்பதுதான் லட்சியம். அந்த லட்சியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏதென்ஸில் குலமும் வசதியும் உள்ளவர்கள் அந்தப் பட்டத்தைத் தங்களுக்கே சூட்டிக்கொண்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் பொழுதைக் கழிக்க வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவனுக்கு ஏது நேரம்?

அந்த நம்பிக்கை யார் முதுகில் விழுந்தது என்று பாருங்கள். ட்ராய்க்குப் போரிட வந்தவர்களிலேயே அவலட்சணமானவன் தெர்சைட்டீஸ் என்கிறது ஹோமரின் போர்க்காவியமான இலியட்: வளைந்த கால், அதில் ஒன்று நொண்டி, ஒடுங்கிய தோள், தலையில் நாலு முடி. கொள்ளைப் பொருளைப் படைத்தலைவன் அகமெம்னான் வாரிச் சுருட்டுவதை அவன் சபையில் எழுந்து கேட்கிறான். கிட்டத்தட்ட இதையேதான் மாவீரன் அக்கிலீஸும் முன்பு கேட்டான். அக்கிலீஸை யாரும் அடிக்கவில்லை. தெர்சைட்டீஸின் முதுகில் கிரேக்க அரசர்களில் ஒருவனான ஒடிசியஸ் செங்கோலால் ஒரு போடு போடுகிறான். தோல் தடித்து ரத்தம் கன்றுகிறது. அவன் குன்றிப்போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். சுற்றி நின்ற படை சிரிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுப்பதில்லை.

அப்புறம் ஏதென்ஸின் தத்துவஞானி சாக்ரடீஸ். சப்பை மூக்கு, பிதுங்கிய கண். அழகையும் நற்குணத்தையும் சேர்த்துச் சொல்லும் இந்தச் சொல்லை நம்பி முதலில் அழகர்களைத் தேடிப் போனதாகவும், அவர்களில் சிலருடைய உள்ளம் படுமோசமாக இருந்ததால் தோற்றத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டதாகவும் அவர் சொல்வதாக அவருடைய சீடர் செனஃபோன் எழுதுகிறார். அதாவது, உங்கள் கேள்வியைக் கிரேக்கர்களே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

இன்னொரு சீடரான பிளேட்டோ எழுதிய ஒரு விருந்துக் காட்சியில், குடித்துவிட்டு வரும் அல்சிபியாடீஸ் சாக்ரடீஸைச் சிலேனஸ் என்ற அவலட்சணமான புராணப் பாத்திரத்தின் பொம்மைக்கு ஒப்பிடுகிறான்: வெளியே விகாரம், திறந்தால் உள்ளே தெய்வச் சிலைகள். இதைச் சொன்ன அல்சிபியாடீஸ் ஏதென்ஸ் கொண்டாடிய பேரழகன். ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பின்போது விசாரணைக்கு வா என்று ஊர் கூப்பிட்டதும், தப்பி ஓடி ஸ்பார்ட்டாவுக்குப் போய், தன் ஊரை எப்படி முடக்கலாம் என்று எதிரிக்கு யோசனை சொன்னவனும் அவன்தான்.