காருக்குப் பொலிஷா, வக்ஸா?
பெயின்ற் மங்கிய காருக்கு இரண்டில் எது வேண்டும்? பொலிஷில் நுண்ணிய உராய்துகள் இருக்கும். மேற்பூச்சை மெல்லியதாகத் தேய்த்து, சிறு கீறல்களை மட்டமாக்கும். வெளிச்சம் சிதறாமல் திரும்புவதால்தான் பளபளப்பு. நகம் மாட்டும் கீறல் இதற்குப் போகாது. வக்ஸ் எதையும் தேய்க்காது, மேலே படலமாக நிற்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது பொலிஷ். தோசைக்கல்லில் எண்ணெய் தடவி வைப்பது வக்ஸ்.

வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நிறுத்தும் வாகனத்துக்கு உப்புக்காற்று, வெயில் இரண்டும் எதிரி. கார்னௌபா என்ற தாவர மெழுகில் செய்த வக்ஸ் அழகுதான், ஆனால் சில வாரங்களில் போய்விடும். வக்ஸ் போலவே மேலே படலமாகப் பூசும், மாதக்கணக்கில் நிற்கும் சிந்தெற்றிக் சீலன்ற்தான் (செயற்கைக் காப்புப்பூச்சு) இங்கே புத்திசாலித்தனம். கழுவித் துடைத்து, பொனற் சூடு ஆறியபின் நிழலில் மெல்லிசாகப் பூசுங்கள். தடித்தால் வெண்திட்டு மிஞ்சும்.

மாதாமாதம் பொலிஷ் போட்டால் பெயின்ற் நீடிக்கும் என்பது தவறு. ஒவ்வொரு தடவையும் மேற்பூச்சு கொஞ்சம் குறைகிறது.