இரண்டு விமானங்கள் வானில் நெருங்கி வந்ததாக அடிக்கடி செய்தி வருகிறதே, கட்டுப்பாட்டு அறையில் யாரும் கவனிப்பதில்லையா?

தென்னிந்திய விமான நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் ரேடார் திரைக்கு முன் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். கவனிக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ விரைவில் விமானம் ஏறவிருப்பதால்தான் இந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்று எண்ணுகிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரேடார் கண்காணிப்பில் பறக்கும் விமானங்களுக்கு இடையே, பொதுவாக, பக்கவாட்டில் 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் இருக்க வேண்டும்; அல்லது உயரத்தில் 1,000 அடி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். இரண்டும் ஒருசேரக் குறைந்தால் அது விதிமீறல், விசாரணைக்கு உரியது. ஆனால் 4 மைலும் 800 அடியும் இருந்த நிகழ்வுகூடச் செய்தியில் 'மயிரிழையில் தப்பியது' என்றுதான் வரும்.

என் பணிக்காலத்தில் ஒரு வடகிழக்குப் பருவமழை மாலை. கடல்மேல் இடிமேகங்கள் திரண்டிருந்ததால் விமானிகள் ஒருவர் பின் ஒருவராகப் பாதையை விட்டு விலக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தனர். கிழக்கே செல்லும் விமானம் ஒன்று 25,000 அடியில் இருந்தது. எதிரே புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்த மற்றொன்றை 24,000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தேன்; விமானியும் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லியிருந்தார். அது 24,000 அடியில் நின்றுவிடும் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும், விமானத்தில் உள்ள டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவிக்குத் தெரியாது. அது ஏறும் வேகத்தை வைத்தே கணக்கிடும். அந்த விமானமோ நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டென்று மேலே இருந்த விமானியின் குரல் ஹெட்செட்டில் கேட்டது: "டிகாஸ் ஆர்ஏ." மோதலைத் தவிர்க்கக் கருவி கட்டளையிட்டுவிட்டது என்று பொருள்; அவரை அது மேலே ஏறச் சொல்லியிருந்தது.

அந்த நொடியில் நான் செய்ய வேண்டியது "ரோஜர்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பது. திரையில் அந்த விமானத்தின் உயரத்தை நூறு அடிக் கணக்கில் காட்டும் எண் 251, 252, 253 என்று மாறுவதைப் பார்த்துக்கொண்டே, வாய்வரை வந்த கட்டளையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கடினமான வேலை அந்த அறையில் இல்லை. சிறிது நேரத்தில் ஆபத்து நீங்கியதாகவும் 25,000 அடிக்குத் திரும்புவதாகவும் அவர் அறிவித்தார்.

ஏன் பேசக் கூடாது என்பதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தனர். கருவி ஏறச் சொன்ன விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானி அவர் சொல்லைக் கேட்டார். கருவியின் சொற்படி மற்றதும் இறங்கியது. அன்று அந்தக் கட்டுப்பாட்டாளர் தனியாளாக இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார், முக்கியத் தொலைபேசி இணைப்பும் பராமரிப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. 2004 இல், விபத்தில் குடும்பத்தை இழந்த ஒருவர் அவரைக் கொலை செய்தார். அவர்மீது மட்டும் பழி விழுந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது; டெல்லியில் அன்றிருந்த ரேடாரில் உயரம் தெரியாது, விமானி சொல்வதையே நம்ப வேண்டும். டிகாஸ் இந்தியாவில் கட்டாயமானது அதன் பிறகுதான்.

துறையைக் காப்பாற்றவே எழுதுகிறேன் என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையும் இரவுப்பணிச் சோர்வும் உண்மையான ஆபத்துகள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் என் நிகழ்வில் இடைவெளி ஓர் அடிகூடக் குறையவில்லை. இருந்தும் அறிக்கை எழுதினேன், விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டேன். அதற்குள் ஒரு நாளிதழ் 'அதிகாரி அலட்சியம்' என்று எழுதிவிட்டது. ஏறும் வேகமே காரணம் என்று விசாரணை முடிந்தபோது ஒரு வரியும் வரவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர், "உங்களால்தானாமே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். இப்படி நடத்தினால் நாளை எந்த இளைஞர் தானே முன்வந்து அறிக்கை எழுதுவார்?

ஆகவே அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, எத்தனை மைல், எத்தனை அடி, கருவி எச்சரித்ததா, விமானி அதன்படி நடந்தாரா என்ற நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தச் செய்தியை நம்பிப் பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டாம்.