நாலு எண்ணுவதற்குள் மூச்சு வாங்கினால்

ஐயாவுக்கு வணக்கம். மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். யூடியூப் பார்த்துக் காலையில் சமவிருத்தி என்ற மூச்சுப் பயிற்சி செய்கிறேன்: நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு அடக்கி, நாலு விட்டு, நாலு வெறுமையாக நிற்பது. சில சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மலையில் காற்று குறைவு என்பதாலா? கொழுந்தெடுத்து ஓய்ந்த அம்மாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. அவருக்கும் சொல்லிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

மலைமேல் பழி போடாதீர்கள். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்குதான் குறைவு. அங்கேயே வாழும் உடம்புக்கு அது பழகிப்போன விஷயம்.

கோளாறு கணக்கில். நாலு நாலாக நாலு பகுதி என்றால் 16 நொடிக்கு ஒரு மூச்சு. நிமிடத்துக்கு நாலுகூட வராது. சும்மா இருக்கும்போது நாம் விடுவது 12 முதல் 20 வரை. எடுத்த எடுப்பில் இப்படிக் குறைத்தால் உடம்பு முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்? அடக்கும்போது வரும் தவிப்பு பெரும்பாலும் ஒட்சிசன் தீர்ந்ததால் அல்ல, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதால். நுரையீரல் வெறுமையாக நிற்கையில் அது இன்னும் சீக்கிரம் முட்டும்.

அதனால் அந்தக் கடைசி நாலை முதலில் விடுங்கள். உள்ளே அடக்குவதையும் இப்போதைக்கு விடுங்கள். இழுப்பதும் விடுவதும் சமமாக இருந்தாலே சமவிருத்திதான். மூன்றுக்கு மூன்று போதும். அடுத்த மூச்சை அவசரமாக அள்ளுகிறீர்கள் என்றால் எண் கூடிவிட்டது, குறையுங்கள். ஐந்துக்கு ஐந்து வந்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மூச்சோடு நன்றாக இணைவது இந்த வேகத்தை ஒட்டித்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்குமேல் யாரையும் தள்ள எனக்கு விருப்பமில்லை.

இதற்கு யாராவது திருமூலரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். திருமந்திரம் சொல்வது பூரகம், அதாவது இழுப்பது, 16 மாத்திரை (பழைய கால அளவு), கும்பகம், அதாவது அடக்குவது, 64, இரேசகம், அதாவது விடுவது, 32. அது 1:4:2, சமமே அல்ல. குருவின் பக்கத்தில் இருந்து பழக வேண்டியதை போனைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

அம்மாவுக்கு அடக்கல் வேண்டவே வேண்டாம். இழுப்புக்காரர்களுக்குக் காற்று வெளியேறத்தான் நேரம் பிடிக்கும். இழுத்த அதே நேரத்துக்குள் விடச் சொன்னால் கொஞ்சம் காற்று உள்ளே தங்கிவிடலாம். எண்ணாமல், அவர் போக்கில் நிதானமாக விடட்டும். பனிக்காலையில் வெளியே இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார வைக்காதீர்கள். குளிர்காற்றே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். எதற்கும் கிளினிக் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்ஹேலர் பாவிப்பவர் என்றால் அதை நிறுத்தக்கூடாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.