மகன் டிஸ்சார்ஜ் ஆகி வருகிறான், இனி வீட்டில்?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ, 17 வயது. கடுமையான மனச்சோர்வுக்காக ஐந்து வாரம் மனநல மருத்துவமனையில் இருந்தான். நானும் கூடவே இருந்தேன். ஞாயிறன்று வீட்டுக்கு வருகிறோம். எப்படி நடந்துகொள்வது? தெரிந்தவர் ஒருவர், “ஆறு மாதம் ஒரு ஹோமில் விடுங்கள், சரியாகிவிடுவான்” என்கிறார். விடலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

மனநல மருத்துவர் பதில்: விடாதீர்கள் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘குணமானதால்தானே அனுப்பினார்கள்’ என்று வீடே அசந்துபோகும் முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. அவனுடைய மாத்திரை, தாத்தாவின் சுகர் மாத்திரை, எலி மருந்து, பூச்சிமருந்து எல்லாம் பீரோவுக்குள் போகட்டும், சாவி உங்களிடம். “கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் கண்ணு” என்று அவனிடம் சொல்லிவிட்டே பூட்டுங்கள். அவன் மாத்திரையை வேளாவேளைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள். பத்து மணிவரை தூங்கினால் மாத்திரையின் வேலையாக இருக்கலாம்; டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். “சாகணும்போல இருக்கா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனை. ஆலோசனைக்கு எந்நேரமும் 14416 (அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்), தமிழில் பேசலாம். பள்ளிக்கு முதலில் அரை நாள் போதும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஒரு மாதம் கழித்து வரவும்’ என்று எழுதியிருந்தால், ஒரு வாரத்தில் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் வரும் சீட்டுகள் பலவற்றில் மூன்று மாத்திரைப் பெயர், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். தையல் எப்போது பிரிப்பது என்று சொல்லாமல் எந்த சர்ஜனாவது அனுப்புவாரா? அடுத்தகட்ட சிகிச்சையை உங்களோடு பேசித் திட்டமிட வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது அந்தத் ‘தெரிந்தவர்’. அவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். “மூணு மாசம் பார்க்க வரக்கூடாது, போன் கிடையாது, அப்பதான் செட் ஆவான்” என்பார்கள். ராத்திரியில் வண்டி வரும், நாலு பேர் தூக்கிப் போவார்கள், குடியை நிறுத்த வந்த பெரியவர்களோடு ஒரே ஹாலில் போடுவார்கள். அந்தச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு தங்கவைக்கவே கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ முழு நேரமும் கூட இருந்தாக வேண்டும். 30 நாள் தாண்டினால், சேர்த்தது சரிதானா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகவேண்டும். ஆறு மாதப் பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கேட்பவருக்கு இதெல்லாம் தெரியும். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று கண்ணில் படும்படி மாட்டியில்லாத இடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாதீர்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். அவனுக்கு 18 முடிந்ததும் கணக்கு மாறும். அதன்பின் அவனைச் சேர்க்க உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. அவனே சம்மதித்துச் சேரலாம். முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால் அவன் நியமித்த பிரதிநிதி விண்ணப்பிக்கலாம், அப்போதும் மருத்துவர்கள் பரிசோதித்த பிறகே. அந்தப் பிரதிநிதி யார் என்று 18 ஆனபின் அவனே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், ‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ என்று வருகிற புரோக்கரும் வேண்டாம். எழுதாவிட்டால் உறவினர் என்ற முறையில் நீங்கள் வரலாம். ஆனால் அவசரத்தில் அப்பாவா, அம்மாவா, சித்தப்பாவா என்று ஆஸ்பத்திரி வாசலில் சண்டை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களை விட்டுவிட்டு மாமா பெயரை எழுதினாலும் முகம் சுளிக்காதீர்கள். பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு தாளை நீட்டவும் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.