உவைனாத் மலை – கடிதம்

வணக்கம். எகிப்து, லிபியா, சூடான் மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் உவைனாத் மலை பற்றிய கட்டுரையில், 1923இல் எகிப்தியரான அஹமது ஹஸனைன் அதைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே அங்கே சுமார் 150 பேர் வாழ்ந்ததாகவும் வருகிறது. அவர்கள் கண்ணில் மலை படவே இல்லையா? அப்புறம், செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் நடுப் பாலைவனத்து மலையை எப்படி வரைபடத்தில் ஏற்றினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கை போன போக்கில் எழுதிய சொல் அது, எடுத்துவிடுகிறேன். அங்கிருந்தவர்களின் தலைவர் ஹெர்ரியைச் சந்தித்ததை ஹஸனைனே எழுதியிருக்கிறார். உவைனாத் என்றாலே அரபியில் சின்ன ஊற்றுகள். தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் வைத்த பெயர். கெய்ரோவிலும் லண்டனிலும் இருந்த வரைபடங்களில்தான் அந்த இடம் வெறும் தாளாகக் கிடந்தது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. வடக்கு தெற்கு பெரிய பாடில்லை. ராத்திரி துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று தியோடலைட்டில் (கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) பார்த்தால் அட்சரேகை ஏறக்குறைய கைக்கு வந்துவிடும். கிழக்கு மேற்குதான் வம்பு. நட்சத்திரத்தை வைத்து அந்த இடத்தின் நேரத்தைக் கணக்கிட்டு, தெரிந்த ஓர் ஊரின் நேரத்துக்கு வைத்த கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கடிகாரமோ மாதக்கணக்கில் ஒட்டகப் பயணத்தில் குலுங்கி வருவது. ஒரே ஒரு நிமிடம் பிசகினால், தாளில் உவைனாத் சுமார் 26 கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்!

இவ்வளவு பாடுபட்டும் முழு மலை கிடைக்கவில்லை. கிழக்கே 40 கிலோமீட்டர் போயும் மலை முடியாமல் ஹஸனைன் திரும்பிவிட்டார். மிச்சத்தை நிரப்ப கார்கள் வர வேண்டியிருந்தது. 1930இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பாக்னோல்டின் கூட்டம் ஃபோர்டு கார்களில் அங்கே போய்ச் சேர்ந்தது. வண்டியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பும் என்பதால் அவர் வைத்திருந்தது சூரியத் திசைகாட்டி: பாகை குறித்த வட்டத்தட்டு, நடுவில் ஒரு கம்பி, அதன் நிழல். ஓட்டிக்கொண்டே பார்க்கலாம்.

சரி, கட்டுரையில் விட்டுப்போன ஒன்று. எகிப்து–சூடான் எல்லை 22ஆவது அட்சரேகை என்று 1899இலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஹஸனைன் ஒட்டகத்தோடு வந்து சேர இன்னும் இருபத்து நாலு வருஷம் இருந்தது, அதற்குள் கோடு மலை மேல் ஏறிப் போய்விட்டது.