கடையை இடித்துவிட்டு வணிகப் பெருமை பேசலாமா?

கேள்வி: காரைக்குடிக் கடைவீதியில் எங்கள் பாட்டையா கட்டிய மாடிக் கடை இருக்கிறது. தேக்குத் தளம், தூண் வைத்த தாழ்வாரம், பலகைக் கதவு. சுவரில் ஈரம், சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. இடித்து வணிக வளாகம் கட்டப் போகிறோம். பாரம்பரியம் என்று சிலர் தடுக்கிறார்கள். மாளிகை என்றால் சரி, வெறும் கடையில் என்ன கட்டடக்கலை?
— வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: ‘வெறும் கடை’ என்று நீங்கள் எழுதியது எனக்கு வலிக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோது ‘தமிழ் வணிகர்களின் ஊர்கள்’ என்றுதான் சேர்ந்தது. வணிகர் ஊரில் கடை இருக்க வேண்டாமா?

கல்லாவில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கல்லை மூலைவாட்டில் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பால் இறுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். செட்டிநாட்டுக்கு அந்தத் தேக்கு பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. அங்கே ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் நெல் விளைவிக்கக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் அந்த வரவு முறிந்தது. உங்கள் தலைக்கு மேல் நிற்பது அந்தக் காலத்தின் கணக்கு. இடித்தால் அந்தத் தூண்கள் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும்; பெயர் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் நிற்கும்.

தாழ்வாரத்தையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். சித்திரை வெயிலில் வருபவர் நிழலில் நின்று பேரம் பேசுகிறார். மழைச்சாரல் சரக்கைத் தொடுவதில்லை. பலகைகளைக் கழற்றினால் கடை முழுவதும் வீதிக்குத் திறந்துகொள்கிறது. கண்ணாடி முகப்புக் கட்டி, குளிர்சாதனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டி நீங்கள் வாங்கப்போகும் வசதியைப் பாட்டையா மின்சாரம் இல்லாமலே செய்து வைத்திருக்கிறார்.

ஈரத்துக்கு வருகிறேன். சிமென்ட்தான் குற்றவாளி என்று நினைக்கிறேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சைத் தள்ளும். அதை உரித்துவிட்டு, மேல்தளத்தில் அரச மரக்கன்று வேர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கடுக்காய் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசச் சொல்லுங்கள்.

வியாபாரத்துக்கு இடம் போதவில்லை என்றால் பின்கட்டில் எழுப்புங்கள். வீதி முகப்பில் கை வைக்காதீர்கள்.