அந்தச் சொல் பையனுக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், குப்பை வாங்க வரும் அம்மாவை "ஏய் குப்பை, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டான். அவருக்கு என் அம்மா வயது. எனக்கு உடம்பே கூசிவிட்டது. முதுகில் ஒன்று வைத்து, "சாரி சொல்லு" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் கணவரோ, "சின்னப் புள்ளதானே" என்று சிரித்தார். 'படிக்கலைன்னா குப்பை அள்ளத்தான் போவே' என்று மிரட்டுவதுண்டு. மற்றபடி கெட்ட வார்த்தை பேசும் வீடு இல்லை. இவனுக்கு எப்படி மரியாதை சொல்லிக்கொடுப்பது?
- ஒரு வாசகி, செல்லூர், மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

'மற்றபடி' என்று எழுதிக் கடந்துவிட்டீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. அந்த மிரட்டலைப் பையன் அப்படியே நம்பியிருக்கிறான். குப்பை அள்ளுவது படிக்காததற்குத் தண்டனை என்றால், அள்ளுகிறவரை ஏன் மதிக்க வேண்டும் என்றுதானே எட்டு வயதுக்குத் தோன்றும்? அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். படிப்புக்கு வேறு காரணம் சொல்லலாம்.

அடுத்து, அவர் வந்ததும் உள்ளே பார்த்து என்ன குரல் கொடுக்கிறீர்கள்? "குப்பைக்காரி வந்துட்டா" என்றா? நம் பக்கம் அக்காவையும் அத்தையையும் "வந்துருச்சு" என்போம். வெளியூர்க்காரர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் படலாம். அதில் இருக்கும் ஒட்டுதல் நமக்குத் தெரியும். "அந்தம்மா வந்துருச்சு, வாளியை எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். அவர் காதில் விழாதபோதும் அப்படியே சொல்ல வேண்டும். பிள்ளை கவனிப்பது அதைத்தான்.

சாரியை இனி வற்புறுத்தாதீர்கள். அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "எங்க வீட்டுப் பேச்சுலதான் தப்பு, மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்று நீங்களே கேளுங்கள். அவர் பெயரையும் கேட்டு வையுங்கள்.

பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, பல்பு, பேட்டரி போன்ற ஆபத்தானவை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. பெரும்பாலான வீடுகளில் எல்லாம் ஒரே பையில்தான் போகிறது. அடுத்த முறை கண்ணாடி டம்ளர் உடைந்தால் சில்லுகளை நீங்கள் பொறுக்குங்கள். அவன் கையால் தொட வேண்டாம். பழைய பேப்பரை எடுத்து வரச் சொல்லி, "இதைச் சும்மா பையில போட்டா அந்தம்மாவுக்கு எங்க குத்தும்?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவன் தன் விரலைப் பார்ப்பான், யோசிப்பான். நன்றாகச் சுற்றிக் கட்டிய பொட்டலத்தை நீங்கள் கொடுக்கும்போது, "பாத்து, கண்ணாடி இருக்கு" என்று சொல்வது அவன் பொறுப்பாக இருக்கட்டும். பிறத்தியார் வலி ஒரு பிள்ளைக்கு விளங்குவது இப்படித்தான். உபதேசம் அவ்வளவு தூரம் போகாது.

வெயில் நாளில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தால், நீங்கள் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போது 1939 ஜூலை 8ஆம் தேதியைப் பற்றியும் சொல்லுங்கள். அதுவரை சாதியைச் சொல்லி உள்ளே விடப்படாதவர்கள், மதுரை வக்கீலும் விடுதலைப் போராட்டக்காரருமான வைத்தியநாத ஐயருடன் அன்றுதான் நுழைந்தார்கள். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்து, பின்னாளில் அமைச்சரான கக்கனும் அவர்களில் ஒருவர். தான் ஓடி விளையாடும் பிரகாரத்துக்குள் ஒரு காலத்தில் சிலரை விடவில்லை என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

உங்கள் கணவரிடமும் பேசுங்கள். உங்கள் அடியைவிட அவர் சிரிப்புதான் பையன் மனதில் தங்கியிருக்கும். நாளைக் காலை வாளியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மகனோடு அவரும் வாசலுக்கு வரட்டும்.